சுவரில் இரண்டு ஓட்டை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. எனக்கும் என் வீட்டுக்காரர் இக்பாலுக்கும் நடந்த சண்டை. சண்டை ஒரு சுவரைப் பற்றி. சுவர் மாவ்பி என்ற வயல்காட்டு ஊரில் இருக்கிறது. நாங்கள் பலகையில் யாங்கோன் என்று எழுதியிருக்கும் எங்கள் ரங்கூனில், ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். இவ்வளவையும் எடுத்த எடுப்பில் கொட்டிவிடாதே, வாசகரைக் கொஞ்சம் காக்க வை என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். காக்க வைக்க நேரமில்லை. மாவ்பியில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஆடி மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு..."

சீச்சீ. மழை எதையும் கிழிக்கவில்லை. பெய்தது, அவ்வளவுதான். பெய்த தண்ணீருக்குப் போக வழியில்லை.

2

சத்யபாமா அக்காவுக்கு மாவ்பிக்கு வெளியே மூன்று ஏக்கர் நெல்வயல். அதை ஒட்டி நாங்கள் வாங்கிய இடம். முன்பு அதுவும் வயல்தான். மழைக்காலத்தில் அக்காவின் வயலில் மிஞ்சும் தண்ணீர் அதன் வழியாக ஓடிப் பின்னாலிருக்கும் ஓடையில் விழும். நாங்கள் சுற்றிலும் சுவர் எழுப்பினோம். இப்போது தண்ணீர் அக்காவின் வயலிலேயே இடுப்பளவு நிற்கிறது. (இடுப்பளவு என்பது என் கைவரிசை. முழங்காலளவு. நடவைக் கெடுக்க அதுவே போதும்.)

தண்ணீர் வடியாமல் நட முடியாது. நாற்று முற்றிவிட்டால் நட்டும் பயனில்லை. நடாமல் தரிசாகப் போட்டால் நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். ப்வேசா* வாரம் தவறாமல் வந்து நினைவூட்டுகிறான். அதற்குள் விற்றுவிடு என்கிறான். எங்கள் இடம் வாங்கிய நாளிலிருந்து தரிசுதான். அதைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை.

* தரகன். பர்மியச் சொல். நாங்கள் தமிழ் பேசும்போதும் அவன் ப்வேசாதான்.

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். வேண்டாமென்றால் நீங்கள் தாண்டிப் போகலாம். அக்காவால் முடியாது.)

ஒரு காலத்தில் இந்த நாட்டு வயல்களில் கணிசமானவை நம்மூர் லேவாதேவிக்காரர்கள் கையில் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு, நிலம் அரசுடையது, உழுகிறவன் உழலாம், விற்கக்கூடாது என்றார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், உழுகிறவன் விற்கலாம், அடகும் வைக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நிலத்தைக் காட்டினால் கடன் கிடைக்கும், கடன் கிடைத்தால் பம்புசெட் வரும், ஊர் நிமிரும்.

அக்காவின் ஊரில் நடந்தது வேறு. விற்கலாம் என்றதும் விற்றார்கள். வாங்கியவர்கள் எங்களைப் போன்ற ரங்கூன்காரர்கள். எங்களுக்கு பேங்க் மேல் நம்பிக்கையில்லை, நோட்டு மேல் நம்பிக்கையில்லை. மண்ணை நம்புவோம், அதுவும் சுவருக்குள் இருந்தால். உழவு நின்ற நிலத்தில் கூலி ஏது? நாற்று நட்ட பெண்கள் தையல் ஆலைக்குப் போனார்கள். அறுவடை மெஷினை வாடகைக்கு விட்டவர் அதை விற்றுவிட்டார். டீக்கடையையும் மூடிவிட்டார்கள்.

(இங்கே 'வளர்ச்சி' என்ற சொல்லை வைத்து ஒரு நக்கல் வரி எழுதி அழித்தேன். சுவர் வைத்திருப்பவள் நக்கலடித்தால் நன்றாக இருக்காது.)

4

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு. நாற்று அழுகுகிறது. சத்யபாமா நிலத்தை விற்றுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுகிறாள். இதை அக்காவுக்கே போனில் படித்துக் காட்டினேன்.

"ஏம்மா ஃபஹீமா, நான் எப்ப அழுதேன்?"

"கதையிலக்கா."

"கதையில அழுவுறதுக்கு வேற ஆளப் பாரு. எம் புருசன் செத்த வருசமே நடவு போட்டவ நான். நாத்து இன்னும் பச்சையாத்தான் நிக்குது. எழுதுனா தண்ணி வடியற மாதிரி எழுது. இல்லேன்னா போனை வையி, எனக்கு வேலை கெடக்கு."

வைத்தது அவர்தான்.

இரண்டாவது முடிவு. மழையைப் பார்த்து இக்பால் மனம் இளகி, தண்ணீர் போகச் சுவரில் ஓட்டை போடச் சொல்கிறார். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"நான் அம்புட்டு நல்லவன்னு யாரு புள்ள சொன்னா?"

"அப்ப வில்லன்னு எழுதவா மச்சான்?"

"எழுதிக்க. இன்னைக்கு ஓட்டை போட்டா நாளைக்கு உள்ள குடிசை போட்டுருவான். எங்க பாட்டனார் கடைய சர்க்காருக்காரங்க ஒரே நாள்ல பூட்டி எடுத்துக்கிட்டாங்க. அதுலேருந்து பூட்டும் செவுரும் இருந்தாத்தான் எங்க வீட்டுல தூக்கம். யாருக்காக வாங்குனேன்? உன் பேர்லதானே வாங்கிருக்கேன்!"

(அவரை வில்லனாக்க முடியாதது இந்தக் கதைக்குப் பெரிய தொந்தரவு. போன வருஷம் எனக்கு டெங்கு வந்தபோது அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சியவர். உப்புக்கூடச் சரியாக இருந்தது.)

மூன்றாவது முடிவு. மழையில் சுவர் தானே இடிந்து விழுகிறது. அல்லாஹ்வின் நீதி. நடக்குமா என்று கேட்க, சுவரைக் கட்டிய கொத்தனார் பாலாவை, அவர் இருக்கும் தாகேதா பேட்டைக்குப் போன் போட்டுப் பிடித்தேன்.

"விழுமாவா? நான் கட்டுன செவுரும்மா அது! உலகம் அழிஞ்சாலும் நிக்கும். எம் மேல என்ன கோவம் உங்களுக்கு?"

5

மூன்று முடிவும் போச்சு. அதற்குப் பிறகுதான் என் மரமண்டையில் உறைத்தது. உன் பேர்லதானே வாங்கிருக்கேன்.

எங்கள் வியாபாரக் குடும்பங்களில் வீடு, மனை எல்லாம் பெண்டாட்டி பேரில் வாங்குவது வழக்கம். பேர் நமக்கு, சாவி அவர்களுக்கு. அந்தப் பேரை எடுத்துப் பயன்படுத்திய ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. இக்பாலின் மனம் இளகட்டும் என்று இரண்டாவது முடிவில் பக்கம் பக்கமாகக் காத்திருந்தேனே, எதற்கு? கதை என்னுடையது. சுவரும் என்னுடையது.

பாலாவுக்கு மறுபடியும் போன். (கோ என்றால் பர்மியத்தில் அண்ணன்.)

"கோ பாலா, உங்க செவுரு தானா விழாது, சரி. உடைக்க முடியுமா?"

"கட்டுனவனுக்கு உடைக்கத் தெரியாதா? பாய் சொன்னாரா?"

"நான் சொல்றேன். அது எம் பேர்ல உள்ள செவுரு."

நோட்டைப் புரட்டும் சத்தம். பிறகு கேட்டார்: "எத்தனை ஓட்டைம்மா?"

"ரெண்டு. அக்கா வயல் பக்கம் ஒண்ணு, ஓடைப் பக்கம் ஒண்ணு. ஆள் நுழையாத மாதிரி கம்பி வச்சுருங்க."

6

சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது இக்பாலிடம் சொன்னேன். கோபப்பட்டு எழுந்துபோக முடியாத நேரம் அது.

"செவுத்து கேட்டோட சாவி எங்கிட்ட இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் மச்சான்."

"தர மாட்டேன்."

"கம்பி வைக்கிறேன். ஒருத்தனும் நுழைய மாட்டான். தண்ணி மட்டும் போவட்டும்."

அவர் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அக்காவையே அழ வைக்க முடியாத கதையில் நான் அழுவதாவது.

7

இதைக் காலையில் தெருவில் நின்று போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் மாடி வீடுகளிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். நுனியில் ஒரு கிளிப் உண்டு. சாவி, பத்திரிகை எதுவானாலும் அதில் மாட்டி ஏற்றி இறக்குவோம். பாலா இழுத்தார், நான் இறங்கி வந்தேன். வேனில் உளியும் சம்மட்டியும் கம்பியும் ஏறிவிட்டன.

அக்கா போனில் கூப்பிட்டார். "நடவுக்கு ஆள் சொல்லிட்டேன். வர்றியா, கதை எழுதிக்கிட்டிருக்கியா?"

"ரெண்டும்தான்க்கா."

வேனில் ஏறும்போது கயிறு ஆடியது. மேலே இக்பால் நிற்கிறார். கிளிப்பில் சாவி இறங்குகிறதா, காற்றில்தான் ஆடுகிறதா, தூறலில் தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியையும் நினைத்துப் பாருங்கள், பாட்டனார் கடையையும் நினைத்துப் பாருங்கள்.

சாவி வந்தால் கேட்டைத் திறந்து உள்ளேயிருந்து உடைப்போம். வராவிட்டால் அக்காவின் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று வெளியேயிருந்து உடைப்போம். ஓட்டையை மட்டும் நான் உங்கள் விருப்பத்துக்கு விடவில்லை.