ஆறாம் நம்பர் மாப்பிள்ளை

"மாப்பிள்ளை இன்னிக்கு எத்தனை நிமிஷம் தொங்கினார்?"

அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி கேட்டுவிடுவான். மாப்பிள்ளை என்பது ஒரு எலி. "உனக்குப் பாத்த மாப்பிள்ளைங்கள்ல இவர் ஒருத்தர்தான் உருப்படி" என்பது அவன் கட்சி.

அக்காவுக்கு ஆராய்ச்சி மையத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலை. தம்பியின் தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த நோய்க்கு எந்த மரபணுக் கோளாறு காரணமோ, அதே கோளாறோடு அங்கே எலிகளைப் பிறக்க வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சாகடிப்பதற்கென்றே பிறக்க வைப்பதா என்று ஆரம்பத்தில் அவளுக்கு எரிச்சலாக வந்ததுண்டு. தம்பிக்கும் அதே நோய்தான் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மருந்து கொடுத்த ஆறு எலிகளில் ஐந்து, தசை வலுவைப் பார்க்கக் கம்பியில் தொங்கவிட்டால் இருபது வினாடியில் பொத்தென்று விழுந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்தும் போயின. ஆறாம் நம்பர் மட்டும் மூன்று நிமிடம் தொங்கியது. சிரிப்பை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோன, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாகூட அன்று சிரித்தார். தம்பி பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தினமும் மூன்று நிமிடம் நிற்க ஆரம்பித்தான். கால் நடுங்கும். அக்கா கை கொடுத்தால் தட்டிவிடுவான். அவ்வளவு ரோஷம்.

செவ்வாய்க்கிழமை காலை கூண்டு மாற்றும்போது ஏழாம் நம்பரை வாலைப் பிடித்துத் தூக்கினாள். அது ஆறாம் நம்பரோடு ஒரே ஈற்றில் பிறந்தது. நோய் இல்லை என்பதால் மருந்து கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தார்கள். நோயில்லாத எலி என்றால், தூக்கியதும் பின்னங்கால்களை அகல விரிக்கும். ஏழாம் நம்பரோ இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டது. அது நோயின் அடையாளம். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். அதேதான்.

குஞ்சுகளின் காதில் அடையாளத் துளை போட்டு, அந்தத் துணுக்கை நம்பர் எழுதிய குழாயில் போட்டுச் சோதனைக்கு அனுப்புவது அவள் வேலை. எதற்கு நோய், எதற்கு இல்லை என்று அந்தத் துணுக்குதான் சொல்லும். சில மாதங்களுக்கு முன், குஞ்சாக இருந்த ஆறையும் ஏழையும் கையில் வைத்திருந்த நேரத்தில்தான் மையத்தின் வாசல் காவலர், வீட்டிலிருந்து தகவல் என்று உள்ளே போன் செய்தார். தம்பி குளியலறையில் விழுந்துவிட்டானாம், எழுந்திருக்க முடியவில்லையாம். அந்தப் பதற்றத்தில் எந்தத் துணுக்கை எந்தக் குழாயில் போட்டாள்?

ஒரு மணி நேரம் கூண்டுகளைக் கழுவினாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

வியாழக்கிழமை மறுசோதனையின் முடிவு வந்தது. ஆறாம் நம்பருக்கு நோயே இல்லை. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மருந்து வேலை செய்யலம்மா. அவ்வளவுதான்" என்றார்.

வீட்டில் தம்பி பீரோ கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"எத்தனை நிமிஷம்?"

"உக்காருடா, சொல்றேன்."

"சொல்லு, உக்காருறேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு, ஏழு, குழாய் மாறியது, மருந்து தோற்றது. அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

அவன் கைப்பிடியை விடவில்லை. "நீ மாத்திப் போடற ஆளே இல்லையேக்கா. என்னிக்கு நடந்துச்சு?"

"ஞாபகம் இல்ல."

"நான் பாத்ரூம்ல விழுந்தேனே, அன்னிக்கா?"

"சேச்சே! அது வேற நாள்."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி விடு. மாப்பிள்ளை உடம்புக்கு ஒண்ணுமில்லல்ல, அது போதும்" என்றான். சிரிக்கப் பார்த்தான். பிறகு கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"பிடிச்சுக்கோக்கா. உக்காரணும்."