இடது கட்டைவிரலுக்கு ஒரு ரோடு

திண்டிவனத்தில், தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலேயே அந்தக் கடிதத்தை அச்செடுத்தாள் அருணா. பழைய கார் பந்தய வீடியோ கேம் ஒன்றின் சொந்தக்காரக் கம்பெனி அனுப்பியது. அதைப் பார்த்து அவள் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருந்த விளையாட்டை அழிக்க வேண்டும். இனி இப்படி எதையும் செய்யமாட்டேன் என்று பத்து நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

கம்பெனி அந்த விளையாட்டை விற்பதை நிறுத்தி எட்டு வருடமாகிறது. சிறுவயதில் அவளும் அண்ணன் பூவரசனும் சண்டை போட்டுக்கொண்டு ஆடியது. பிறகு கரும்பு ஜூஸ் மிஷினில் அவன் வலது கை விரல்கள் போயின. அந்த விளையாட்டுக்கோ இரண்டு கையும் வேண்டும். கம்ப்யூட்டர் படித்த அருணா இரண்டு வருடம் உட்கார்ந்து, போனில் இடது கட்டைவிரல் ஒன்றே போதும்படி அதை முதலிலிருந்து எழுதினாள். பெயரையும் படங்களையும் மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டாள். எடுத்ததை மறைப்பது பாவம் என்று, கூழ் ஊற்றும் திருவிழா பேனரில் உபயதாரர் பெயர் போடுவது போல, முதல் திரையிலேயே கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்டுக் கீழே 'நன்றி' என்று எழுதினாள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தத் திரையே சாட்சியாக ஒட்டப்பட்டிருந்தது.

"நன்றி சொன்னதுக்கு நோட்டீஸா? திட்டியிருந்தா வுட்டிருப்பான்டி" என்று சிரித்தான் பூவரசன். பிறகு போனை அவள் பக்கம் தள்ளினான். "அழிச்சிடு. எனக்காவ பேஜாருல மாட்டிக்கினு நிக்காத."

"உனக்கு மட்டும் இல்லண்ணா."

பக்கவாதத்தில் விழுந்த தன் அப்பா ஆறு மாதம் கழித்து இதை ஆடிச் சிரித்தார் என்று கிளியனூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தச் சிரிப்பை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அந்த வாரம் முழுக்க அவள் கம்பெனியின் பெயரை எடுத்தாள், மலைகளை எடுத்தாள், கார்களை எடுத்தாள். அவை இருந்த இடத்தில் மல்லாட்டைக் கொல்லையும் கடலை மூட்டை ஏற்றிய ஒரு மினி டெம்போவும் வரைந்தாள். 'உங்களுடையதை எடுத்துவிட்டேன். மீதி என்னுடையது' என்று கடிதத்தில் எழுதினாள். 'இனி செய்யமாட்டேன்' என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"கேஸு போட்டான்னா?" என்றான் பூவரசன்.

"போடட்டும். கம்பெனி வக்கீல் ஒரு கைய கட்டிக்கினு ஆடிப் பாக்கட்டும்."

முதல் திரையில் கம்பெனி பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கீழே 'நன்றி' மட்டும் அப்படியே நின்றது. பூவரசன் அதன்மேல் இடது கட்டைவிரலை வைத்தான். மூட்டை ஏற்றிய டெம்போ குலுங்கிக்கொண்டு கிளம்பியது.