மூன்று 'எந்த'

மிஷன் பள்ளி மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் ஒன்று, மாணவர்கள் ஒன்பது பேர். அலெக்சாண்டர் சார் முதல் வாரமே ஒரு பாடத்தை எல்லார் மண்டையிலும் ஏற்றிவிட்டார். புரோகிராமில் நேரடியாக எண்ணை எழுதாதே. அந்த இடத்தில் ஒரு பெயரை வை. நாளைக்கு எந்த எண் வந்தாலும் தாங்கும். அருள்மணி அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கொண்டான். வகுப்பில் நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதுகிறவன் அவன். எழுதியது சரிதானா என்று மறுநாளும் ஒருமுறை பார்ப்பான்.

மூன்று வருஷம் கழித்து அந்தப் பாடமே அவன் கழுத்தைப் பிடித்தது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில், வகுப்புக் காலத்திலிருந்தே அவன் வேலை பார்க்கும் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் புஷ்பமேரி காத்திருந்தாள். வகுப்பில் அவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. தாண்டிக்குடியில் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்காக ஒரு புரோகிராம் எழுதியவள். சூடு கூடினால் அடுப்புக்குப் போகும் காற்றை அதுவே அடைக்கும், குறைந்தால் திறந்துவிடும். இப்போது ஐந்து கொட்டகைகளில் ஓடுகிறது. அவள் கையில் வக்கீல் நோட்டீஸ்.

"ஏலே அருளு, ஒங்க மொதலாளி என்மேல கேஸ் போடப் போறாராம். எந்த வெளைச்சலா இருந்தாலும், எந்தச் சூடா இருந்தாலும், எந்த மிஷின்ல புரோகிராம் போட்டு உலர்த்துனாலும் அது அவரு பேட்டண்டாம். அஞ்சு கொட்டகையையும் நிறுத்தணுமாம். நாளைக்கு நான் துணி காயப் போட்டாலும் வந்து நிப்பாரு போல."

அருள்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரி அவன் எழுதியது.

முதலாளி சேனாதிபதி பேட்டண்ட் விண்ணப்பத்துக்குச் சொன்னது காபிக்கொட்டை, விறகடுப்பு, பட்டறையில் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இவ்வளவுதான். டைப் அடிக்க உட்கார்ந்தவனுக்கு வகுப்புப் பாடம் நினைவுக்கு வந்தது. மூன்றையும் எடுத்துவிட்டு மூன்று 'எந்த' வைத்தான். "இதுல மலையே அடங்கிரும் போலிருக்கேப்பா!" என்று முதலாளி முதுகில் தட்டினார். அன்றைக்குப் பூரித்துப்போனான்.

"அவரு மனுப் போடுறதுக்கு முன்னாடியே நான் இதை ஓட்டிக் காட்டுனேன்னு எழுத்துல சாட்சி வேணுமாம். சாரு வெளிநாடு போயிட்டாரு. நீதான் தும்முனாக்கூட தேதி போட்டு எழுதுவியே. எம்பத்தஞ்சாம் வருஷத்து நோட்டு இருக்கா?"

"எங்கயோ கெடக்கும்க்கா. கரையான் அரிச்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"கொடைக்கானல் குளிருக்குக் கரையானா?" அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெரசா தேடு. வெள்ளிக்கெழம பதில் போடணும்."

தேட வேண்டியதே இல்லை. தகரப் பெட்டியில் மேலிருந்து நான்காவது நோட்டு.

'12-7-85. புஷ்பமேரி ஏலக்காய் புரோகிராமை ஓட்டிக் காட்டினார். எட்டுப் பேரும் பார்த்தோம். சார் கைதட்டினார்.'

அதே தாளின் பின்பக்கம்: '13-7-85. மேரியக்காவின் புரோகிராமை முதலாளியிடம் வரி வரியாகச் சொன்னேன். மகிழ்ந்தார். சொன்னது சரியா?'

அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கிழித்தால் இரண்டு பக்கமும் போகும். பின்பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டலாமா என்று வேறொரு நோட்டில் ஒட்டி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். எழுத்து தெரிந்தது. தெரியாவிட்டாலும், ஒட்டுப்போட்ட நோட்டை எந்தக் கோர்ட்டு நம்பும்? அவள் கேஸும் சேர்ந்தல்லவா கெடும்? பசை டப்பாவை மூடினான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தாண்டிக்குடி போனான். கொட்டகை வாசலிலேயே நின்று, பக்கத்தைத் திறந்து நீட்டினான். புஷ்பமேரி படித்தாள். முகம் மலர்ந்தது. தாளைத் திருப்பினாள். உள்ளே சூடு கூடியிருக்க வேண்டும். அடுப்பின் தகரக் கதவு டொக்கென்று தானாக விழுந்தது.

"அந்த 'எந்த, எந்த'ன்னு போட்டது?"

"அதுவும் நான்தான்க்கா."

"ஒன் சோலி போயிரும்ல?"

"போயிரும்."

அவள் தாளைத் திருப்பி முன்பக்கத்தை மறுபடியும் படித்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"நோட்டு மட்டும் பத்தாது. கோர்ட்டுல நீயே நின்னு வாசிக்கணும்."

"பின்பக்கத்தையும் சேத்தே வாசிக்கிறேன்க்கா."

நோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் அதை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். ஒங்கிட்ட இருந்தா கரையான் வந்துரும்."