ஸ்ரீமுஷ்ணத்து அம்புஜவல்லி ஏறிய அலைகள்

விருத்தாசலத்துக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிக் கடலூர் போக வேண்டும். சக்கரபாணி அந்தச் சிரமத்தை வைத்துக்கொள்ளவில்லை. ஜங்ஷன் ரோட்டில் மோகனப்பிரியா நடத்திவந்த பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வாரத்துக்கு நான்கு நாள் கடலில் இறங்கினார். ஒருநாள்கூட வேட்டி நனைந்ததில்லை.

முப்பத்தோரு வருஷம் செராமிக் கம்பெனியில் சூளைக்குத் தீ போட்டவர். பொய் சொல்வதில் ஊரில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வார். அது பொய் இல்லையாம். நடந்ததைக் கொஞ்சம் சூடேற்றிச் சொல்வதாம். ஒரு சித்திரை மாதம் சூளைவாசலில் அனல் தாங்காமல் சூப்பர்வைசரின் நிழல் சுவரிலேயே வெந்து ஒட்டிக்கொண்டது. ரிடையர் ஆகும்வரை அந்த மனிதர் நிழல் இல்லாமல்தான் வேலைக்கு வந்துபோனார். கடைசி நாளில் மாலை போட்டு, நிழலைச் செங்கல்லோடு பெயர்த்து அவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தனக்கோடியின் டீக்கடையில் இதை நம்பாதவர்கள் யாருமில்லை. பெயர்த்தெடுத்த இடத்தையே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் எப்படியும் சொல்லாமல் வைத்திருந்தார்.

அவருக்கு ஒரே மகள், கயல்விழி. செராமிக் படிப்பதற்காகக் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஆனந்தராஜ் என்ற பையனோடு, இரண்டாயிரத்து நாலில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ரயிலேறிப் போய்விட்டாள். இரண்டு கடிதம் போட்டாள். சக்கரபாணி இரண்டையும் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். வீட்டு டெலிபோன் நம்பரையும் மாற்றினார். மனைவி ராஜாம்பாள் அவரிடம் சண்டை போடவில்லை. பேசுவதை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசி பதினேழாம் தேதி, சோறு வடித்துக்கொண்டிருந்த ராஜாம்பாள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று.

“பொண்ணுக்குச் சொல்லணுமே மாமா?” என்று மைத்துனன் தங்கராசு கேட்டான்.

“எந்தப் பொண்ணுக்கு?” என்றார் சக்கரபாணி.

அந்த வீறாப்பு மூன்று நாள்தான் இருந்தது. பால் தெளித்துவிட்டுத் திரும்பி வரும்போதே இறங்கிவிட்டது. ஆனால் மூன்று நாள் கழித்து எப்படிச் சொல்வது? பத்து நாள் கழித்து அதைவிட எப்படிச் சொல்வது? விலாசமும் கையில் இல்லை; திருப்பிக் கொடுத்த உறைகளின் முதுகில்தான் இருந்திருக்கும். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு எங்கோ ஒரு பெண் இருப்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தை மாதத்தில்தான் மோகனப்பிரியாவிடம் போனார். அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஊரில் பாதிப் பேருக்கு ரயில் டிக்கெட்டும் மீதிப் பேருக்குப் பரீட்சை ரிசல்ட்டும் எடுத்துக் கொடுப்பவள்.

“பேரைப் போட்டா ஆளைக் காட்டுமாமே பாப்பா?”

“ஆர்குட்ல இருந்தா காட்டும் பெரியப்பா. பேரு சொல்லுங்க.”

காட்டியது. கயல்விழி கேரளத்துக் கோவளத்தில் இருந்தாள். படத்தில் முகம் இல்லை, ஓர் அலை மட்டும் இருந்தது. அவளும் ஆனந்தராஜும் பாடிபோர்டு என்று ஒன்றை வைத்துக்கொண்டு கடலில் விளையாடுகிறார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள் என்று மோகனப்பிரியா படித்துச் சொன்னாள். இடுப்புயரப் பலகை, அதன்மேல் குப்புறப் படுத்தால் அலை கொண்டுவந்து கரையில் போடும். இதில் பைத்தியமாக இருக்கிற தமிழ் ஆட்களுக்காகக் கயல்விழி ‘பலகைக் கூட்டம்’ என்று ஒரு குழு தொடங்கியிருந்தாள். நாற்பத்தோரு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழாக அவள் கடைசியாக எழுதியிருந்தது இது: “நான் மட்டுமே பேசிட்டு இருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் யாரும் எழுதலேன்னா மூடிடறேன்.”

“மூடிட்டா?” என்றார் சக்கரபாணி.

“இதெல்லாம் அழிஞ்சிரும். அப்புறம் அவங்க எழுதுறதப் பாக்க முடியாது.”

மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது.

சொந்தப் பெயரில் எழுத அவருக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே தேவனாம்பட்டினத்து மீனவர் பாவாடை பிறந்தார். கம்பெனி அட்டைப்பெட்டிகளில் அச்சாகப் பார்த்துப் பழகிய ஆங்கில எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கி, பாவாடை தன் அனுபவத்தை எழுதினார். விடிகாலையில் தேவனாம்பட்டினத்தில் அவர் ஏறிய அலை வழியில் தூங்கிவிட்டதாம். கரைக்கு வர மறந்து, தெற்கே போய்ப் பரங்கிப்பேட்டையில்தான் கண் விழித்ததாம். அங்கிருந்து பஸ்ஸில் திரும்பினாராம். பலகைக்கு லக்கேஜ் டிக்கெட்.

இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனவே சென்னையிலிருந்து பாண்டியன் என்ற இன்ஜினியர் வந்து, இதெல்லாம் சுத்த உடான்ஸ், அந்த பஸ் கண்டக்டர் பெயர் என்ன, சொல்ல முடியுமா என்று கேட்டார். பாவாடை பெயரைச் சொன்னார். பாண்டியன் அந்தக் கண்டக்டர் அன்றைக்கு லீவு என்றார். சக்கரபாணி காலையில் பாவாடையாக வந்து திட்டுவார், சாயங்காலம் பாண்டியனாக வந்து திருப்பித் திட்டுவார். சண்டை என்றால் நம் ஆட்களால் சும்மா இருக்க முடியுமா? முட்டத்திலிருந்து ஒருவன் பாவாடை கட்சியில் சேர்ந்தான். தூத்துக்குடிப் பெண் ஒருத்தி பாண்டியன் பக்கம். மாசக் கடைசிக்குள் அறுபத்திரண்டு பதில். கயல்விழி எழுதினாள்: “அய்யோ, சிரிச்சு வயிறு வலிக்குது. குழுவ மூடல. மூடல!”

அந்த ‘மூடல’வை சக்கரபாணி நான்கு தடவை படித்தார்.

“பெரியப்பா, உங்களுக்கே உங்க மேல இவ்ளோ கோவமா?” என்றாள் மோகனப்பிரியா.

“அந்தப் பாண்டியன் பேசுறது சரியில்ல பாப்பா. படிச்ச திமிரு” என்றார்.

சண்டையை மட்டும் வைத்து ஒரு கூட்டத்தை எத்தனை நாள் ஓட்ட முடியும்? மாசியில் மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். ஸ்ரீமுஷ்ணம் அம்புஜவல்லி, வயது ஐம்பத்தெட்டு. ஸ்ரீமுஷ்ணத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று முட்டத்துக்காரன் கேட்டான். “எங்க ஊரு பெருமாளே மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலுக்குப் போயி முங்கிட்டு வராரு. நான் போவக்கூடாதா? அவரு பல்லக்குல போனாரு, நான் பலகையில போனேன்” என்றாள் அம்புஜவல்லி. அன்றைக்கு அவள் ஏறிய அலை கூட்டத்தைத் தாண்டிப் பெருமாள் காலடியிலேயே அவளை இறக்கிவிட்டதில், பட்டாச்சாரியார் திகைத்துப்போய் முதல் தீர்த்தத்தை அவளுக்கே கொடுத்துவிட்டாராம்.

அம்புஜவல்லி யார் மாதிரிப் பேசினாள் என்பது எழுதும்போது சக்கரபாணிக்கே தெரியாது. நான்காவது வாரம் ஒரு வரியை முடித்துவிட்டு விரலை எடுத்தபோதுதான் தெரிந்தது. “காத்துல நிக்காத, காது அடைச்சுக்கும்” என்று எழுதியிருந்தார். ராஜாம்பாள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிற வார்த்தை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் வெகுநேரம் துடைத்தார்.

அதற்குப் பிறகு தெரிந்தேதான் எழுதினார். வாரம் ஒரு கேள்வியை அம்புஜவல்லி கூட்டத்தில் போடுவாள். அலையில குப்புறப் படுக்கறதுக்கு முன்னாடி என்னா சாப்பிட்டீங்க? உப்புத்தண்ணி பட்ட தலைக்கு என்னா தேச்சீங்க? உங்களை மொத மொத கடலுக்குள்ள இழுத்துட்டுப் போனது யாரு? ஊமையாக இருந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெயர் சொல்லி வரவேற்பு. நான்கு நாள் காணாமல் போனவர்களுக்கு “ஒடம்பு சரியில்லியா கண்ணு?” புரட்டாசிக்குள் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். “இந்தக் கூட்டம் உயிரோட இருக்கறதே அம்புஜம் அம்மாவாலதான்” என்று கயல்விழி எழுதினாள். இன்னொரு நாள் எழுதினாள்: “உங்ககிட்ட பேசினா எங்கம்மாகிட்ட பேசற மாதிரியே இருக்கு. எங்கம்மா எனக்கு ஒருநாள் போன் பண்ணுவாங்க. அப்பா அசந்த நேரமாப் பாத்து.”

அன்றைக்கு அம்புஜவல்லி பதில் எழுதவில்லை. கரண்ட் போய்விட்டது என்று மறுநாள் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் தூத்துக்குடிப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். பழைய பலகை ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறாள், விரிசல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரபாணி வாழ்நாளில் பாடிபோர்டைத் தொட்டதில்லை. ஆனால் விரிசல் அவருக்குத் தெரிந்த சங்கதி. ராஜாம்பாள் அதே கம்பெனியில் ஜாடி செக்கிங்கில் இருபது வருஷம் இருந்தவள். விரல் முட்டியால் ஒரு தட்டு. காதைப் பக்கத்தில் வைப்பாள். ‘நங்’ என்றால் நல்ல ஜாடி. ‘டப்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடுகிறது, ஒதுக்கு. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் தேங்காய், கதவு, புருஷன் தலை எதையும் விடமாட்டாள். அம்புஜவல்லி தீர்ப்புச் சொன்னாள்: “முட்டியால தட்டிட்டு காதை வச்சிக் கேளு கண்ணு. நங்குன்னா வாங்கு. டப்புன்னா அவன்கிட்டயே குடுத்துட்டு வந்துடு.”

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. பாடிபோர்டு ஸ்பாஞ்சு போல நுரையால் செய்தது. எப்படித் தட்டினாலும் சத்தம் வராது. பாவாடை மாதிரியே அம்புஜம்மாவும் கதை விடுகிறாள் என்று முட்டத்துக்காரன் எழுதினான். அதற்கும் கீழே கயல்விழி எழுதியிருந்தாள்.

மோகனப்பிரியா அதைத் தனக்குள் ஒருதரம் படித்துவிட்டு, சக்கரபாணி பக்கம் திரையைத் திருப்பினாள்.

“எல்லாரும் சிரிக்கறாங்க. நான் சிரிக்கல. எதைப் பார்த்தாலும் தட்டிட்டுக் காதை வைக்கற ஒரே பொம்பளை எங்கம்மா. அம்மா, நீதானே? அப்பாவுக்குத் தெரியாம யாரையாச்சும் வச்சு எழுதறியா? ஸ்ரீமுஷ்ணம்னு பொய் சொல்ற. எனக்கு அஞ்சு மாசம்மா. இப்ப அலையில எறங்கறதில்ல. ஏழாம் மாசம் வளையல் போட நீ வரணும். டிக்கெட் போட்டு அனுப்பறேன். வேற ஒண்ணும் எழுத வேணாம். ஆமான்னு மட்டும் எழுது.”

வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. சக்கரபாணி ஒற்றை விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். நிழலைச் சுவரில் வேகவைத்தவர். பெருமாள் காலடியில் அலையை நிறுத்தியவர். இன்னும் ஒரே ஒரு வார்த்தை.

“ஆமான்னு போட்டா என்னா பாப்பா?” என்றார். “சந்தோசமா இருந்துட்டுப் போவட்டுமே.”

மோகனப்பிரியா மெதுவாகக் கேட்டாள். “ஏழாம் மாசம் யாரக் கூட்டிக்கிட்டுப் போவீங்க பெரியப்பா?”

அவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பிறகு, “எம் பேர்ல ஒண்ணு தொறந்து குடு” என்றார்.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது ஆளாக, சக்கரபாணி, விருத்தாசலம் என்று ஒருவர் குழுவில் சேர்ந்தார். வரவேற்க யாருமில்லை, வழக்கமாக வரவேற்கிறவள் அம்புஜவல்லி. அவர் எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று.

“அம்மா இல்ல கயலு. போன ஐப்பசி பதினேழாந் தேதி செத்துட்டா. சோறு வடிக்கும்போது. நான்தான் ஒனக்குச் சொல்லல. அம்புஜவல்லி நான்தான். பாவாடை, பாண்டியனும் நான்தான். அம்மா கடைசியா என்னா சொன்னான்னு கேக்காத. அந்த ரெண்டு வருசம் எங்கிட்ட அதிகம் பேசல.”

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது பதினேழு பதில் வந்திருந்தது. முட்டத்துக்காரன், “சூப்பர் ட்விஸ்ட் தாத்தா! இதுவரைக்கும் வந்ததுல இதுதான் பெஸ்ட்” என்று எழுதியிருந்தான். தூத்துக்குடிப் பெண் இரண்டு சிரிக்கும் முகங்களைப் போட்டு, அடுத்த பகுதி எப்போ என்று கேட்டிருந்தாள். கண்டக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றான் இன்னொருவன். ஒருவர்கூட நம்பவில்லை.

கடைசிப் பதில் கயல்விழியுடையது.

“என்ன திதி?”

அவ்வளவுதான். அப்பா என்று இல்லை. வேறு எதுவும் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டிருந்தது. வருஷத் திதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

“வளர்பிறை திரயோதசி” என்று சக்கரபாணி அடித்தார். வேறு என்ன எழுதலாம் என்று யோசித்துவிட்டு, “காத்துல நிக்காத” என்று சேர்த்தார். பிறகு அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, திதியை மட்டும் அனுப்பினார்.

அதற்கு அடுத்த நாள் பலகைக் கூட்டம் இருந்த இடத்தில், அப்படி ஒரு குழு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. கயல்விழியின் பெயரும் இல்லை, அந்த அலையும் இல்லை. மோகனப்பிரியா மூன்று விதமாகத் தேடிப் பார்த்தாள். “வேற பேர்ல ஆரம்பிச்சிருப்பாங்க. நான் தேடுறேன் பெரியப்பா. நீங்க நாளைக்கு வாங்க” என்றாள்.

“வரேன் பாப்பா” என்றார். போகவில்லை.

தனக்கோடி கடையில் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். பத்து மாதமாக அவர் அங்கே சரியாக உட்கார்ந்து பேசியதில்லை.

“என்னா சக்கரபாணி அண்ணே, ஆளயே காணும்? கதைய எல்லாம் கம்ப்யூட்டருக்கு வித்துட்டீங்களாமே” என்றான் தனக்கோடி. “எங்களுக்கும் ஒண்ணு வுடுங்க.”

சக்கரபாணி டீயை வாங்கிக்கொண்டார்.

“எம் பொண்ணு கடல்ல பலகை போட்டுக் குப்புறப் படுத்துக்குவா. அலை அவளத் தூக்கிட்டு வந்து கரையில வுடும். ஒரு ஆளு ஒசரத்துக்கு அலை. ஊரு ஊரா வந்து அவகிட்ட கத்துக்கிட்டுப் போறாங்க” என்றார்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

“வுடறதுக்கும் ஒரு அளவு வேணாமா? ஆத்து வண்டல்ல வெளையாடின புள்ள, கடல்ல படுத்துக்குதா?” என்றான் தனக்கோடி. சிரித்து முடித்துவிட்டு, பெண்ணைப் பற்றி அவர் வாயால் கேட்டு மூன்று வருஷம் ஆனது நினைவுக்கு வந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்தினான். “ஏண்ணே, கயலு பேசுதா? வருதா வூட்டுக்கு?”

சக்கரபாணி கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

“மாசி மகத்துக்கு வரேன்னுருக்கா. புள்ளையோட. அப்புடியே கிள்ளைக்குப் போயிட்டு வரலாம்னு” என்றார்.

இதை எல்லாரும் நம்பினார்கள்.