அதற்கொரு பொத்தான் இல்லை

அந்தக் குடும்பத்தில் இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெரியவள் என்பார்கள். இளையவளைக் கொக்கு என்பார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கத் தெரியாது. பல் தேய்க்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், கல்யாணப் போட்டோவிலும்கூட ஒரு பாதத்தை இன்னொரு முழங்காலில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்பா அம்மா போனபின் பெரியவள் ஒற்றை அறை வீடொன்றில் தனியாக இருந்தாள். வீட்டுக் கேமராக்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. கேமரா பார்ப்பது மனிதனா பூனையா என்று அதற்குள் இருக்கும் மூளைக்குச் சில சமயம் பிடிபடாது. அப்படிப்பட்ட துண்டுப் படங்கள் அவளுடைய திரைக்கு வரும். அவள் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆள், பிராணி, வண்டி, விழுதல், ஒன்றுமில்லை. அவ்வளவுதான். படங்களில் சத்தம் இருக்காது. முகங்களின்மேல் ஒரு சாம்பல் நிறக் கறையை மெஷினே பூசி அனுப்பிவிடும். வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பார்த்ததை வெளியே பேசக்கூடாது. யாரையாவது அடையாளம் தெரிந்தாலும் தெரியாததுபோல அடுத்த படத்துக்குப் போய்விட வேண்டும். சேரும்போதே இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பெரும்பாலும் சுவாரசியமில்லாத வேலைதான். துடைப்பத்தோடு தனியாக ஆடும் ஒருவர், கதவைத் தட்டுவதற்கு முன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு ஒத்திகை பார்க்கும் இன்னொருவர், யாரும் இல்லாத கூடத்தில் அசையும் திரைச்சீலை. ஆள், ஆள், ஒன்றுமில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சமையலறை வந்தது. அலமாரிக்கு மேலிருந்து எடுத்த படம். ஒரு பெண் முதுகைக் காட்டி அடுப்பருகே நின்றாள். ஒரு பாதம் இன்னொரு முழங்காலில். ஜன்னலில் நீலத் திரை. அதன் கீழ்விளிம்பு கோணலாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோணல் பெரியவளுடைய கைவேலை. புதுக் குடித்தனத்துக்கு அவள் தைத்துக் கொடுத்தது.

ஒரு ஆண் உள்ளே வந்தான். கையிலிருந்த போனை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டி ஏதோ கேட்டான். அவள் திரும்பாமலே தலையசைத்துப் பதில் சொன்னாள். போன் பிடித்த அதே கையால் அவன் அடித்தான். ஒற்றைக் காலில் நின்றவள் அல்லவா, அடியற்ற மரம்போல விழுந்தாள். படம் முடிந்தது.

பெரியவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சாம்பல் கறைக்குப் பின்னால் இருப்பது வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சியது. திரை பதிலுக்குக் காத்திருந்தது. மிச்ச நேரத்தைக் காட்டும் கோடு சிவக்க ஆரம்பித்தது. அவள் தேடிய சொல் அந்தப் பொத்தான்களில் இல்லை. கடைசியில் ‘விழுதல்’ என்பதை அழுத்தினாள். சரி என்று பச்சையாக ஒரு குறி வந்தது. அடுத்த படத்தில் வாசற்படியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

கொக்கு சில மாதங்களுக்கு முன் மணிக்கட்டில் கட்டோடு வந்திருந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். பெரியவள் அதை நம்பி, வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினாள். இப்போது அது ஞாபகம் வந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

டீம் லீடரை எல்லோரும் கிளிப்பிள்ளை என்பார்கள். மேலிடம் சொல்லிக்கொடுத்ததைத் தவிர வேறு பேசமாட்டார். மற்றபடி யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பெரியவள் அவரிடம் போய், பொதுவாகக் கேட்பதுபோல, படத்தில் ஒருவர் இன்னொருவரை அடித்தால் என்ன செய்வது என்று கேட்டாள். விழுந்தால் ‘விழுதல்’, விழாவிட்டால் ‘ஆள்’ என்றார் அவர். யாருக்காவது தகவல் போகுமா என்று கேட்டாள். கஸ்டமருக்குப் போகும் என்றார்.

கஸ்டமர் என்றால் கேமராவை வாங்கி மாட்டியவர். அதாவது, அடித்தவர்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துக் கிளிப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “யாரையாவது தெரிஞ்சிருச்சுன்னு என்கிட்ட சொல்லிடாதம்மா. சொன்னா நான் எழுதியாகணும். எழுதினா உன்னை அனுப்பிடுவாங்க. நீ கேக்கல, நான் சொல்லல.”

அடுத்து வந்த நாட்களில் பெரியவள் சரியாகத் தூங்கவில்லை. போனில் கேட்கலாம் என்றால், கொக்கின் போனில் வருவதெல்லாம் அவள் கணவன் போனிலும் விழும். கல்யாணமான புதிதில் கொக்கே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தாள், எங்களுக்குள் ஒளிவு மறைவே கிடையாது என்று. சொந்தக்காரர்கள் யாரிடமாவது சொல்லலாம் என்றால், அவர்களுக்கு அவன் தங்கமான மாப்பிள்ளை. யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் முதல் ஆளாக வண்டி பிடித்து அனுப்புபவன். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். மென்று விழுங்கவும் முடியவில்லை, வெளியே துப்பவும் முடியவில்லை.

தன்மேலேயே வேறொரு உறுத்தலும் இருந்தது. தங்கை காட்டாத ஒன்றை அவளுக்குத் தெரியாமல் பார்த்தாயிற்று. உரிமையில்லாமல் கண்ட ஒன்றை வைத்துக்கொண்டு அவள் வாழ்க்கைக்குள் நுழையலாமா? நுழையாமல் இருக்கலாமா?

விடுமுறை நாளன்று கிளம்பிப் போனாள். மாப்பிள்ளை வெளியே போயிருந்தான். கொக்கு கதவைத் திறந்ததும் பூட்டிலிருந்து ஒரு மெல்லிய ஓசை வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவன் போனுக்குச் செய்தி போகும். உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பூட்டியே வைத்திருக்கிறான் என்று யாரும் குறை சொல்ல முடியாது. திறந்தால் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

கொக்கு சிரித்த முகமாகத்தான் இருந்தாள். டீ போட்டாள். அக்காவின் மெலிந்த உடம்பைக் கேலி செய்தாள், உன்னைப் பார்த்தால் நான்தான் பெரியவள் என்பார்கள் என்றாள். பெரியவளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறையைக் கடந்தவள், அலமாரிக்கு எதிரே வந்ததும் தன்னையறியாமல் சுவரோடு ஒட்டி நடந்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த மூலையில் போய் நின்றாள். படத்தில் அந்த மூலை மட்டும் தெரியாது. அங்கே நின்றபடி, வா என்று தங்கைக்குச் சைகை காட்டினாள்.

கொக்கின் சிரிப்பு நின்றது. அலமாரியின் மேலே, பாத்திரங்களுக்கு நடுவில் இருந்த சின்னக் கறுப்பு உருண்டையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துப்போய், பேச்சு வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

“அது எங்க இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க தெரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

பெரியவள் சொன்னாள். வேலையைப் பற்றி, பொத்தான்களைப் பற்றி, நீலத் திரையைப் பற்றி. சொல்லச் சொல்லக் கொக்கு சுவரில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை.

“அவர் பாக்கறார்னு தெரியும். நீயுமா?”

“முகம் தெரியாதுடி. அதை மறைச்சுத்தான்...”

“எத்தனை பேர் பாத்தாங்க?”

அது பெரியவளுக்குத் தெரியாது. ஒரே படத்தை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்துச் சரிபார்ப்பார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. என்னோடு வந்துவிடு என்று மட்டும் கெஞ்சினாள். கொக்கு தலையசைத்து மறுத்தாள். அடி வாங்கியதைவிட, முன்பின் தெரியாதவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அக்காவை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். போய்ட்டு வா என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பெரியவள் வேலைக்குப் போனாள். சமையலறை வரும் ஒவ்வொரு படத்திலும் முதலில் நீலத் திரையைத் தேடினாள். வந்துவிடுமோ என்று பயம். வராவிட்டால் அங்கே என்ன நடக்கிறது என்று இன்னொரு பயம். அந்த நாற்காலியை விட்டால் தங்கையைப் பார்க்க இருக்கும் ஒரே வழியும் போய்விடும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கியபோது கொக்கு எதிரே ஏறி வந்தாள். கையில் காய்கறி வாங்கும் பை. காலில் வீட்டுச் செருப்பு.

நடந்தது மெதுவாகத்தான் வெளியே வந்தது. அன்று இரண்டு பேரும் குளியலறையில் அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டானாம். அக்காவுக்கு வயிறு சரியில்லை, நான் பக்கத்தில் நின்றேன் என்று சொல்லிவிட்டாளாம். அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். மறுநாள் புதுக் கேமரா ஒன்றை வாங்கி வந்து குளியலறைக் கதவைப் பார்த்து மாட்டினானாம். உன் நல்லதுக்குத்தான், அடிக்கடி வழுக்கி விழுகிறாயே என்றானாம்.

“அவர் அடிச்சப்போகூடப் போகணும்னு தோணல,” என்றாள் கொக்கு. “அந்த ஸ்டூல்ல ஏறி, ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டே அதைச் சொன்னார் பாரு. அப்போ தோணுச்சு.”

அவன் கிளம்பிப் போன பின் கதவைத் திறந்திருக்கிறாள். படியை எட்டுவதற்குள் போன் அடித்தது. அதைக் கூடத்தில் இருந்த ஸ்டூலின் மேலேயே அடிக்க விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பெரியவள் அன்று வேலைக்குப் போகவில்லை. இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மணிக்கட்டு ஆறிவிட்டது, கன்னத்தில் ஒன்றும் இல்லை, சாட்சி உண்டா என்றார். படம் இருக்கிறது என்றாள் பெரியவள். அதிகாரி கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினார். பதில் மரியாதையாக வந்தது. அந்தப் படம் வாடிக்கையாளரின் தனிப்பட்ட சொத்து. அவருடைய சம்மதம் இல்லாமல் தர முடியாது. நீதிமன்றம் கேட்டால் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் அவரே அழித்துவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல.

“அடிச்சவர் சம்மதிக்கணுமா?” என்று கொக்கு கேட்டாள். அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். பிறகு பெரியவளிடம், நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அதையே எழுதிக் கொடுங்கள் என்றார்.

பெரியவள் உடனே எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேலை போகும். கம்பெனி வழக்குப் போடும். முகம் தெரியாத படத்தில் பார்த்தது தங்கைதான் என்பதற்கு ஒற்றைக் காலும் ஒரு திரையும்தான் ஆதாரம். எந்த வக்கீலும் ஊதித் தள்ளிவிடுவான். அவ்வளவையும் யோசித்தபின் எழுதினாள். ‘விழுந்தாள்’ என்று ஆரம்பித்ததை அடித்துவிட்டு, ‘அவன் அடித்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கிளிப்பிள்ளை போனில் கூப்பிட்டார். நாளை முதல் அவளுடைய கார்டு கதவைத் திறக்காது என்றார். கம்பெனி வக்கீல் சொல்லச் சொன்னது என்று நீளமாக ஏதோ ஒப்பித்தார். முடித்துவிட்டும் போனை வைக்கவில்லை.

“தங்கச்சி நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். அது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

வழக்கு இன்னும் நடக்கிறது. படத்தை அவன் அழித்துவிட்டான் என்கிறார்கள். பெரியவள்மேல் கம்பெனியின் வழக்கும் நடக்கிறது. ஒற்றை அறையில் இரண்டு பேர். எதிர்க் கடையில் கேமரா இருப்பதால் கொக்கு ஜன்னல் பக்கம் வருவதில்லை. வெளியே போனால் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்கிறாள். சில நாள் அக்காவோடு பேசுகிறாள், சில நாள் பேசுவதில்லை. அக்கா உற்றுப் பார்த்தால் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள்.

நேற்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

“அந்தப் படம் எதோட முடிஞ்சுது?”

“நீ கீழ கிடந்தே. அதோட முடிஞ்சுது.”

“அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“கேக்கறியா?”

பெரியவள் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு, தங்கைக்கு முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்தாள். கொக்கு குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவின் முதுகோடு தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.