முதல் சம்பளக் காணிக்கை

ஞானஒளிவுக்கு வேலை கிடைக்கும் முன்பே அவன் அம்மா சுந்தரபாய் அவனுடைய முதல் சம்பளக் காணிக்கையைச் சர்ச்சில் வைத்துவிட்டாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் அவளுக்கு வேலையே கிடைத்த மாதிரிதான். விசுவாசம் அப்படி. போதகரும், "இன்ஜினியராக வேலையில் அமர்ந்த நம் சபையின் பிள்ளை" என்று மேடையிலிருந்து வாசித்தார். சங்கரன்கோவில் சபையே ஆமென் சொன்னது. சொல்லாதது அந்தக் கம்பெனி மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஊரில் எப்படித் தலைகாட்டுவது? அம்மாவிடம்கூட உண்மையைச் சொல்லாமல் மெட்ராஸுக்கு ஓடினான். மூன்று வருஷமாக அங்கே ஒரு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் மட்டும் இன்ஜினியர்.

எண்பத்து நாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான் வந்தான். பிடித்துக்கொண்டார் பவுல்பாண்டியன் சார். இதே சபைக்காரர், காலேஜில் அவனுக்குப் பாடம் எடுத்தவர். இப்போது மாணவர்களுக்கு வேலை தேடித் தரும் பொறுப்பைக் காலேஜ் அவர் தலையில் கட்டியிருந்தது. கடைசி வருஷப் பையன்களைக் கவனித்தால் போதும் என்றார் பிரின்சிபால். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கிடக்கிறவர்களை யார் பார்ப்பது என்று சார் அவரிடம் மல்லுக்கு நின்றார். நின்றதோடு விடாமல், கோயம்புத்தூர் பம்பு கம்பெனி மேனேஜர் ஒருவரை ஊருக்கே அழைத்து வந்துவிட்டார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கூட்டம். படித்துக்கொண்டிருக்கும் பையன்கள் வாசுதேவநல்லூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். யாருக்காகக் கூட்டினாரோ அவர்களில் ஒருவனும் வரவில்லை. எனக்கு வேலையில்லை என்று நாலு பேர் முன்னால் எழுந்து நிற்க எவனுக்கு மனசு வரும்?

ஞானஒளிவைச் சாரே வீட்டுக்கு வந்து இழுத்துப் போனார். "ஏலே, நீதாம்லே இவனுகளுக்கு முன்மாதிரி. நாலு வார்த்த பேசு."

நன்றாகத்தான் பேசினான். இன்டர்வியூவில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும், பொய் மட்டும் கூடாது என்றான். கைதட்டினார்கள். அவனுக்குக் காது கூசியது.

பேச்சு முடிந்து காப்பி வந்தது. மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "படிச்சு முடிச்சுட்டுச் சும்மா இருக்கிற பையன் ஒருத்தன் எனக்கு உடனே வேணுமுங்க. அவன் நல்லாச் செஞ்சா வருஷா வருஷம் இந்த மாதிரிப் பசங்களையே எடுத்துக்கறேன். உங்க செட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

நான் இருக்கிறேன் என்று சொன்னால் போதும். ஆனால் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் சுந்தரபாய். மேனேஜர் சரிக்குச் சரியாக மகனிடம் பேசுகிறார் என்று அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. சரி, கூடப் படித்து இன்னும் வேலை கிடைக்காத ராயகிரி செல்லச்சாமியின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தனக்கு விழவேண்டிய சோற்றை இன்னொருவன் இலையில் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"அப்படி யாரும் இல்ல சார். எல்லாரும் செட்டில் ஆயிட்டாங்க."

பவுல்பாண்டியன் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தான் வீணா பிரின்சிபால்கூடச் சண்டை போட்டிருக்கேன். இனிமே கடைசி வருஷப் பிள்ளைகளை மட்டும் பாத்தாப் போதும், என்ன?" என்றார். மேனேஜரும் தலையாட்டினார்.

மேனேஜரைப் பஸ் ஏற்றிவிட்டு ஞானஒளிவு திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் பூ மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான் செல்லச்சாமி.

"கூட்டத்துல எங்களப் பத்தி ஏதும் கேட்டாகளாலே?"

"இல்லலே."

"நானும் வரணும்னுதான் பாத்தேன். கூச்சமா இருந்துச்சு." மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "ஒங் கம்பெனில ஆள் எடுத்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லு, மக்கா."

"சொல்லுதேன்" என்றான் ஞானஒளிவு.