மங்களேஸ்வரியின் விருந்தாளி

மரம் விழுந்தபோது ஜஸ்டின் வண்டிக்குள் இல்லை. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னவன், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்ததும் சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தான். கூரை ஸ்டியரிங் வரை இறங்கியிருந்தது. பானெட்டின் மேல் தென்னையின் தலை கிடந்தது. வண்டியில் வந்த விருதுநகர்க்காரர்கள் பாதி வெந்த பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, பேசிய வாடகையில் பாதியை அவன் கையில் திணித்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். இவை எல்லாவற்றையும் மங்களேஸ்வரி ஆச்சி மாடியில் நின்று பார்த்தாள்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அவளுடைய தோப்பு. சீசன் வந்தால் ஊருக்கு வருகிறவர்களுக்கு நிழல் வேண்டும், அடுப்பு மூட்ட இடம் வேண்டும். கேட்டில் பூட்டு தொங்கியது. அந்நியர் நுழையக் கூடாது என்று பலகையும் இருந்தது. ஜஸ்டின் பின்பக்கம் முள்வேலியைப் பிரித்து வண்டியை உள்ளே விட்டிருந்தான். டிரைவர்கள் எல்லாரும் செய்கிறதுதான்.

வண்டி டாக்சி இல்லை, ஓன் போர்டு. சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு, தென்காசி ரயில் நிலையத்திலிருந்து அருவிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். வாடகைக்கு ஓடிய வண்டி என்று தெரிந்தால் கம்பெனி காலணா தராது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பைனான்ஸ்காரனுக்குத் தவணை கட்டியாக வேண்டும். அதனால், படம் எடுக்க வந்த கம்பெனி சர்வேயரிடம் வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னான். தோப்புக்கார ஆச்சி தங்கள் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவள், விருந்துக்கு அழைத்திருந்தாள், வந்த இடத்தில் மரம் விழுந்துவிட்டது. சர்வேயர் எழுதிக்கொண்டார். கம்பெனியிலிருந்து வேறொருவர் வந்து அந்த அம்மாவிடமும் விசாரிப்பார், அதுவரை வண்டியை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஜஸ்டின் அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்றான். ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கிறவரை நிமிரவில்லை.

“விருந்துக்கு நான் என்ன ஆக்கிப் போட்டேன்னு சொன்ன?”

“அதெல்லாம் கேக்கல, ஆச்சி.”

“கேட்டா என்ன சொல்லுவ? எங்க வீட்ல கறி மீன் புழங்க மாட்டோம்னாவது தெரியுமா? நீ கூட்டியாந்த ஆளுக போட்ட கோழி எறகெல்லாம் இன்னும் பொறுக்கிட்டு இருக்கேன்.”

அவன் அந்த முற்றத்திலேயே காலில் விழுந்தான். காலை இழுத்துக்கொள்ளாமல் அவள் அடுத்த கொத்தை எடுத்து ஆய்ந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. விசாரிக்கிறவர் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். வண்டியில்லாமல் சும்மாத்தானே இருக்கிறாய், அதுவரை கேட்டில் நில், ஒரு வண்டிகூட உள்ளே வரக் கூடாது என்றாள்.

மறுநாளிலிருந்து நின்றான். இந்த வேலைக்கு அவனைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டான். வேலியில் எந்த இடத்தில் முள் இளகும், எந்தக் கல்லைப் புரட்டினால் டயர் ஏறும் என்பதெல்லாம் அவன் கைபட்ட சங்கதிகள். எல்லாவற்றையும் அடைத்தான். ஆச்சி அவனுக்கென்று பேப்பர் கப் வாங்கி வைத்திருந்தாள். சாயாவை அதில் ஊற்றி, படியின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். குடித்த கப்பைக் குப்பைக்குழியில் அவனே போட்டுவிட வேண்டும்.

தேங்காய் வெட்டுகிற அய்யாக்குட்டி ஒருநாள் அவனருகில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். விழுந்த மரத்துக்குள் கூன்வண்டு புகுந்து தண்டை வெறும் கூடாக்கிவிட்டது, வெட்டிவிடுவோம் என்று கோடையிலேயே அவர் கேட்டாராம். நிற்கட்டும், வேலி தாண்டி வருகிறவன் தலையில் விழட்டும் என்றாளாம் ஆச்சி. விசாரிக்கிறவரிடம் அவள் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை நினைத்து, ஜஸ்டின் கேட்டதை முழுங்கினான்.

சாரல் வலுத்த ஒரு மத்தியானம் பிரின்ஸின் வேன் வந்து நின்றது. பிரின்ஸ், ஜஸ்டினோடு ஒரே வண்டி ஸ்டாண்டில் கிடந்தவன். ஜஸ்டின் மகளுக்கு ஞானத்தகப்பன். வேனுக்குள் ஒரு வயதான அம்மா வாந்தியெடுத்துச் சாய்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே பிரின்ஸ், தேங்காய் ஏற்றத் திறந்திருந்த கேட்டுக்குள் வேனை உரிமையோடு நுழைத்தான். ஜஸ்டின் குறுக்கே நின்றான். பிரின்ஸ் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

மாடியிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. “காத்தப் புடுங்கி விடு.”

ஜஸ்டின் மேலே பார்த்தான். அவன் குனிந்து முன் டயரின் வால்வைத் திருகினான். காற்று இறங்குகிறவரை பிரின்ஸ் பக்கத்திலேயே மழையில் நின்றான்.

“ஏலே, ஒம் பிள்ளைக்கு நான்தானே பேரு வச்சேன்?” என்றான். ஸ்டெப்னியை இறக்கி மாட்டினான்.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் ஜஸ்டின் பேர் நாறியது. அவன் மனைவி ஜெஸி கடைக்குப் போனால் டிரைவர் வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கம்பெனி ஆள் வந்து போகட்டும், வண்டி சரியாகட்டும், எல்லார் காலிலும் விழுந்து சரிக்கட்டிவிடுகிறேன் என்று அவன் அவளிடம் சொன்னான்.

கம்பெனி ஆள் ஆதம் என்கிற இளைஞன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நசுங்கிய வண்டியைப் பார்த்தான். பிறகு ஆச்சி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு வெள்ளித் தம்ளரில் காப்பி வந்தது. ஜஸ்டின் படிக்குக் கீழே நின்றான்.

“இவர் அன்னைக்கு உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்ததா சொல்லியிருக்காரு. உண்மைதானாம்மா?”

ஆச்சி ஜஸ்டினைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. சந்தையில் மாட்டைப் பார்க்கிற பார்வை.

“விருந்தாளியா? இவன் கேட்டுல நிக்கிற ஆளு, தம்பி. அன்னைக்கு வேலியப் பிரிச்சுட்டு வந்தான். வாடகைக்கு ஆள் ஏத்திக்கிட்டு. பாதி ரூவாதான் குடுத்தானுவன்னு எங் கண்ணு முன்னாலதான் சண்டை நடந்துது.”

ஆதம் அதை எழுதி, வாசித்துக் காட்டினான். அவள் கண்ணாடி போட்டுக் கையெழுத்திட்டாள். போகும்போது அவன் ஜஸ்டினின் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

பைக் சத்தம் ஓய்ந்ததும் ஜஸ்டின் கேட்டான். “ஏன் ஆச்சி? நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே.”

“செஞ்சியே. இத்தனை வருசத்துல இந்த சீசன்லதான் என் தோப்பு தோப்பா கெடக்கு,” என்றாள் அவள். “வண்டி சரியாயிட்டா நாளைக்கு நீ இங்கன வந்து நிப்பியா?”

அவன் போய்விட்டான். இரண்டு மூன்று நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. பிறகு ஸ்டாண்டுக்குப் போய், யாருக்காவது ஆக்டிங் டிரைவர் வேண்டுமா என்று கேட்டான். எல்லாரும் தங்கள் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிரின்ஸ் மட்டும் வேன் கண்ணாடியைத் துடைத்தபடியே, நம்மிடம் கேட் இல்லையே, உன்னை எங்கே நிறுத்துவது என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டான். சிரித்தார்கள். பைனான்ஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்து, ஜெஸியிடம் பேசக் கூடாத விதமாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அவன் தோப்புக்குப் போனான். சம்பளம் மாசக் கடைசியில்தான் என்றாள் ஆச்சி. படியோரத்தில் சாயா இருந்தது.

பத்து மணிவாக்கில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் கார் வந்து கேட்டுப் பக்கம் திரும்பியது. பின்சீட்டில் ஒரு சிறுமி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள். அவளுடைய அப்பா இறங்கி வந்து, பாப்பா ஒன்றுக்கு மட்டும் போய்விட்டு வந்துவிடட்டும் என்று கெஞ்சினார். ஜஸ்டின் முடியாது என்றான். மரத்தடியில் ஒதுங்கினால் போதும் என்றார். முடியாது என்றான். சிறுமியின் அழுகை ஏறி, சட்டென்று நின்றது. அவள் கவுனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நீயெல்லாம் மனுசனா? இது ஒன் தோப்பா?”

ஜஸ்டின் வேலிக்கம்பை உருவி, காரின் முன்விளக்கை ஓங்கி அடித்தான். கண்ணாடி சரளையில் தெறித்தது.

“இன்சூரன்ஸ் இருக்குல்லா,” என்றான். “கேட்டு வாங்கிக்கோங்க.”

மாடியிலிருந்து ஆச்சி என்ன சத்தம் என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, ஆச்சி,” என்று கம்பைத் தாழ்த்தாமலே பதில் சொன்னான். “போறாங்க.”